வேலிக்கு வெளியே ஸ்டூல் போட்டவர்: ஹெலன் அலிங்ஹாம்

கேள்வி இதுதான்: தோட்டங்களை வரைந்தே சம்பாதித்து, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்திய பெண் ஓவியர் யாராவது உண்டா? இல்லை, பூ வரைவதெல்லாம் அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்குதானா?

உண்டு. ஹெலன் அலிங்ஹாம் என்ற ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர். 1848இல் பிறந்து 1926இல் இறந்தவர். பெயர் தெரியாவிட்டாலும் அவர் வரைந்த பாணி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைக்கோல் வேய்ந்த கூரை, அதற்குக் கீழே சின்ன ஜன்னல், வாசலில் ஆள் உயரத்துக்கு ஹாலிஹாக் செடிகள், மரத்தாலான சின்னக் கேட், அதைப் பிடித்தபடி குழந்தையோடு ஒரு பெண். வாழ்த்து அட்டையிலும் பிஸ்கட் டப்பா மூடியிலும் காலண்டரிலும் இந்த மாதிரிப் படம் லட்சக்கணக்கில் வந்துவிட்டது. அதனால்தான் பலர் அவரை ஒரு புன்னகையோடு ஒதுக்கிவிடுகிறார்கள். படத்தின் இனிப்பைப் பார்த்துவிட்டு, வரைந்தவரும் வெயில்படாத சீமாட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் வாழ்க்கை அப்படிப்பட்டதில்லை.

டெர்பிஷயரில் ஸ்வாட்லின்கோட் என்ற ஊரில், ஒரு மருத்துவரின் ஏழு குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்போது பெயர் ஹெலன் பேட்டர்சன். பிறகு குடும்பம் செஷயருக்கு வந்தது. 1862இல் அங்கே தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நோயாளிகளைப் பார்க்கப் போன அப்பாவுக்கும் தொற்றியது. அப்பாவும் ஒரு தங்கையும் அதில் இறந்தார்கள். ஹெலனுக்கு அப்போது 13 வயது. சம்பாதிக்கும் ஆள் போய்விட, அம்மா பிள்ளைகளோடு உறவினர்களை நம்பி பர்மிங்ஹாம் போனார். பெண்ணின் கையெழுத்துப் போலவே படமும் நன்றாக வருகிறதே, அதிலேயே ஒரு தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அங்கே ஓவியப் பள்ளியில் சேர்த்தார்கள். பூக்கள் மேல் காதல் என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. பிழைக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

நல்லவேளையாகக் குடும்பத்திலேயே வழிகாட்ட ஆள் இருந்தது. அம்மா வழிப் பாட்டியும் ஓவியர்தான். சித்தி லாரா ஹெர்போர்டின் கதை இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தின் முதன்மையான கலை அமைப்பான லண்டன் ராயல் அகாடமியின் பள்ளியில் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. 1860இல் லாரா தன் முதற்பெயரை எழுதாமல் வெறும் முதலெழுத்தைப் போட்டுப் படங்களை அனுப்பினார். அகாடமி தேர்ந்தெடுத்து, ஆணுக்குப் போடும் மரியாதை அடைமொழியோடு கடிதம் அனுப்பியது. விஷயம் தெரிந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினால், பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை! அப்படித் திறந்த கதவு வழியாகத்தான் 1867இல் ஹெலனும் உள்ளே போனார். உள்ளே போனாலும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆடையற்ற மாடலை வைத்து உடலமைப்பு வரையும் வகுப்பு அங்கே பெண்களுக்கு 1893 வரை கிடையாது.

படிக்கும்போதே வருமானம் தேவைப்பட்டது. அதனால் பத்திரிகைகளுக்குப் படம் வரையக் கிளம்பினார். இந்தக் கட்டத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தோட்டப் படங்களின் கைப்பழக்கம் முழுக்க இங்கேதான் உருவானது.

அப்போது புகைப்படத்தை அப்படியே பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ஓவியர் பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரக்கட்டையின் வழுவழுப்பான முகத்தில் பென்சிலாலும் மையாலும் வரைவார். அதுவும் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல வரைய வேண்டும், அச்சில் திரும்பி நேராக வரும். வரைந்ததும் கட்டை செதுக்குபவரிடம் போகும். வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் அவர் குடைந்து எடுத்துவிடுவார். பெரிய படமென்றால் பல சின்னக் கட்டைகளைப் பின்புறம் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அவசரமென்றால் பிரித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து ராத்திரியோடு ராத்திரியாகச் செதுக்குவார்கள். இந்த வேலையில் மழுப்ப முடியாது. ஒரு கோடு எதற்கு என்று ஓவியருக்கே தெரியாவிட்டால், செதுக்குபவருக்கு எப்படித் தெரியும்? இலையென்றால் இலை, வேலியென்றால் வேலி, தெளிவாக இருக்க வேண்டும். கெடு நாளும் தள்ளிப்போகாது.

1869 டிசம்பரில் லண்டனில் 'தி கிராபிக்' என்ற படப் பத்திரிகை தொடங்கியது. ஹெலன் அதில் நிரந்தர வேலையில் சேர்ந்தார். ஓவியர் குழுவில் ஒரே பெண். பிற்பாடு வின்சென்ட் வான்கோ, ஹேக் நகரில் கையில் காசில்லாமல் இருந்த நாட்களில், இந்தப் பத்திரிகையின் பத்து வருடத் தொகுப்பைத் தேடி வாங்கி வைத்துக்கொண்டு அதன் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துப் பழகினார். ஹெலன் பேட்டர்சன் வரைந்தவையும் அந்தத் தொகுப்பில் உண்டு.

1874இல் தாமஸ் ஹார்டியின் 'பார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' நாவல் 'கார்ன்ஹில்' மாத இதழில் ஜனவரி முதல் டிசம்பர் வரை தொடராக வந்தது. படம் போட்டவர் ஹெலன். ஹார்டி கிராமத்து மேலங்கி, மேய்ப்பர் கோல் போன்றவற்றைத் தானே கிறுக்கி அனுப்பித் தர முன்வந்தாராம், நகரத்துப் பெண் தப்பாக வரைந்துவிடக் கூடாதே என்று. அந்தக் கவலைக்கு அவசியமிருக்கவில்லை. தன் கதைகளுக்குப் படம் போட்டவர்களில் ஹெலனைத்தான் ஹார்டி மிக உயர்வாகப் பேசினார். அதே வருடம் ஆகஸ்டில் ஹெலனுக்குக் கல்யாணம், செப்டம்பரில் ஹார்டிக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம். பல பத்தாண்டுகள் கழித்து, முதுமையில், 'வாய்ப்பு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சின்னக் கவிதை எழுதி அதன்கீழ் ஹெலனின் பழைய பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார் ஹார்டி. இதற்குமேல் அதில் நோண்ட ஒன்றுமில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

ஹெலன் மணந்தவர் வில்லியம் அலிங்ஹாம், அயர்லாந்துக் கவிஞர். மாப்பிள்ளைக்கு 50, பெண்ணுக்கு இன்னும் 26 முடியவில்லை. வில்லியம் சுங்கத்துறை வேலையை விட்டுவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர். அரசு தந்த இலக்கிய உதவித்தொகை ஆண்டுக்கு 100 பவுண்டு. ஒரு மாத இதழின் ஆசிரியர் பதவியும் 1879 வரைதான். அவருக்குக் கவிஞர் டென்னிசனும் எழுத்தாளர் கார்லைலும் நெருங்கிய நண்பர்கள். புகழ் வட்டம் பெரிது, வருமானம் அவ்வளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஹெலன் பத்திரிகை வேலையை விட்டார், வரைவதை விடவில்லை. கெடு நாளின் நெருக்கடி இல்லாமல், தனக்குப் பிடித்த நீர்வண்ணத்துக்குத் திரும்பினார். 1875இல் நீர்வண்ண ஓவியர் சங்கம் அவரை இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. முதல் மகன் பிறந்ததும் அதே வருடம்தான்.

தோட்டம் எப்போது வந்தது? 1881இல். லண்டன் செல்சியில் அவர்கள் இருந்ததே கார்லைல் பக்கத்தில் இருக்கத்தான். அந்த வருடம் அவர் இறந்ததும் சர்ரே மாவட்டத்தில் விட்லி பக்கம் சாண்ட்ஹில்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். ஹெலனுக்கு 32 வயது. இரண்டு குழந்தைகள், அடுத்த வருடம் மூன்றாவது. வீட்டை விட்டு இறங்கினால் நாலாபுறமும் பழைய குடிசை வீடுகள். ஓடு தொங்கவிட்ட சுவர்கள், பாசி படிந்த கூரைகள், வாசல்வரை வழியும் செடிகள்.

அவர் வரைந்தவை பெரும்பாலும் அவருடைய தோட்டங்கள் இல்லை. கூலித் தொழிலாளிகளின் வீட்டு முன்புறங்கள். சாலையோரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வரைவார். அந்தத் தோட்டங்களை யாரும் அழகுக்கென்று திட்டமிட்டுப் போட்டதில்லை. முட்டைக்கோஸ் வரிசைக்குப் பக்கத்திலேயே லாவெண்டர், அவரைக் கொடி ஏறிய குச்சிக்குப் பின்னால் ரோஜா, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த விதையில் முளைத்த சூரியகாந்தி. சமையலுக்கு வேண்டியதும் கண்ணுக்கு வேண்டியதும் ஒரே பாத்தியில். 'காட்டேஜ் கார்டன்' என்று இன்று நர்சரிக்காரர்கள் விற்கும் கற்பனைக்கு முகம் கொடுத்தவர்களில் இவருக்குத்தான் முதலிடம் என்பேன். இவருக்கு முன்னாலேயே பர்கெட் பாஸ்டர் என்ற மூத்த ஓவியர் அதே விட்லியில் இருந்துகொண்டு இதே மாதிரிக் காட்சிகளை வரைந்திருக்கிறார், அவரும் மரக்கட்டை வேலையிலிருந்து வந்தவர். ஆனால் அவர் படத்தில் செடி என்பது பொதுவான பச்சை. ஹெலன் படத்தில் இது இன்ன செடி, இன்ன மாதத்தில் இப்படிப் பூக்கும் என்று தோட்டக்காரர்களால் சொல்ல முடியும்.

நீர்வண்ணம் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். வெள்ளைப் பூதான் இருப்பதிலேயே கஷ்டம். எண்ணெய் வண்ணத்தில் கடைசியில் வெள்ளையை அப்பிவிடலாம். நீர்வண்ணத்தில் காகிதத்தின் வெண்மைதான் வெள்ளை. அதைச் சுற்றி வண்ணம் போட்டு விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட வண்ணத்தை எடுக்க வேண்டும். ஹெலன் வெள்ளைச் சாயத்தை அதிகம் நம்பவில்லை. இலைக் கூட்டத்தை முதலில் இருட்டாக எழுப்பிவிட்டு, காய்ந்த பிறகு கத்தி முனையால் காகிதத்தைச் சுரண்டி வெளிச்சத்தைக் கொண்டுவருவார். சில இடங்களில் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பார், சில இடங்களில் தேய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து மங்கலாக்குவார். கோபால்ட் நீலம், ரோஸ் மேடர், மஞ்சள் காவி, லைட் ரெட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வண்ணங்களை வைத்துக்கொண்டே அத்தனை பச்சையையும் கலந்து எடுத்தார். சுரண்டுவது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. இருட்டிலிருந்து வெளிச்சத்தைக் குடைந்து எடுப்பதுதானே மரக்கட்டைத் தொழிலே. நானும் ஒருமுறை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், மூன்றாவது இதழிலேயே காகிதம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிட்டது.

சரி, அப்படியே பார்த்ததைத்தான் வரைந்தாரா? முழுக்க இல்லை. 1859இலேயே லண்டனிலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேர் ரயில் பாதை வந்துவிட்டது. பணக்காரர்கள் வந்து குடிசைகளை வாங்கி இடித்தார்கள், அல்லது புதுப்பிக்கிறேன் என்று ஜன்னலை மாற்றி, புது ஓடு போட்டார்கள். ஹெலன் ஓட்டமும் நடையுமாக, இடிபடுவதற்கு முன்பே போய் வரைந்தார். புது ஜன்னல் வைத்துவிட்ட வீடாக இருந்தால், பக்கத்து ஊரில் பார்த்த பழைய ஈயச் சட்டக் கண்ணாடி ஜன்னலைப் படத்தில் பொருத்திவிடுவார். 1886இல் லண்டன் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற ஓவியக் கூடத்தில் சர்ரே குடிசைகள் என்று தனிக் கண்காட்சி வைத்தபோது, இந்த அழிவைப் பற்றி வருந்தி முன்குறிப்பு எழுதியது கணவர் வில்லியம். வேடிக்கை என்னவென்றால், படங்களை வாங்கிச் சுவரில் மாட்டியவர்களும் அந்தக் குடிசைகளை வாங்கி மாற்றியவர்களும் கிட்டத்தட்ட ஒரே வர்க்கத்தினர்.

இன்னொரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1870களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்கி, இங்கிலாந்து விவசாயம் படுத்துவிட்டது. கூலிக்காரர்கள் ஊரைவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் குடிசைகளுக்குள் ஈரம், நெரிசல், ஒழுகும் கூரை. ஹெலன் படத்தில் வரும் பெண்ணின் ஏப்ரனில் ஒரு கறைகூட இருக்காது. மழை பெய்யாது. ஆண்கள் அபூர்வமாகத்தான் தட்டுப்படுவார்கள். அவருக்கு இந்த நிலைமை தெரியாமலில்லை, பத்திரிகைக்காக நகரத்து வாழ்க்கையை வரைந்தவர்தானே. ஆனால் வீட்டில் மாட்டுவதற்கு யாரும் ஒழுகும் கூரையை வாங்க மாட்டார்கள். அதைக் குற்றமாகப் பார்ப்பதா, தொழிலாகப் பார்ப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் இரண்டாவது கட்சி, கொஞ்சம் சங்கடத்தோடு.

ஏன் அந்தக் கட்சி என்றால், அடுத்து நடந்தது அப்படி. வில்லியம் உடல்நலம் கெட்டு, 1888இல் லண்டன் ஹாம்ஸ்டெட்டுக்குத் திரும்பினார்கள். 1889 நவம்பரில் அவர் இறந்தார். ஹெலனுக்கு 41 வயது. பிள்ளைகளுக்கு 14, 12, 7. தன் அம்மா நின்ற அதே இடத்தில் இப்போது இவர் நின்றார். ஒரே வித்தியாசம், இவர் கையில் தொழில் இருந்தது. அடுத்த வருடம், 1890இல், அதற்குள் 'ராயல்' அந்தஸ்து பெற்றுவிட்ட அதே நீர்வண்ணச் சங்கம் விதியை மாற்றி அவரை முழு உறுப்பினராக்கியது. அந்தச் சங்கத்தில் முழு உறுப்பினரான முதல் பெண் அவர்தான். ஒப்பிட்டுப் பார்க்க: ராயல் அகாடமி, 1768இல் நிறுவியபோது இருந்த இரண்டு பெண்களுக்குப் பிறகு, ஒரு பெண்ணை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1936இல்தான்.

அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ரயிலேறிப் போய் வரைவதும், வந்து விற்பதுமாக ஓடியது. ஹாம்ஸ்டெட்டில் குழந்தைப் புத்தக ஓவியர் கேட் கிரீன்அவே பக்கத்திலேயே இருந்தார். ஸ்லேட் ஓவியப் பள்ளியின் மாலை வகுப்பில் ஆரம்பித்த நட்பு அது, 1901இல் கேட் இறக்கும்வரை நீடித்தது. 1883இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் ஆக்ஸ்போர்டில் பேசிய சொற்பொழிவு ஒன்று இந்த இருவரைப் பற்றித்தான். இருவரும் சேர்ந்து வெளியே போய் ஒரே குடிசையை வரைந்ததும் உண்டு. கேட் கூடக் குறையக் கற்பனையைக் கலப்பார். ஹெலன் கண்ணெதிரே உள்ள செடியை விட மாட்டார்.

தோட்டம் என்ற விஷயத்துக்கு இன்னொரு பெண்மணியைச் சொல்லாமல் முடியாது: கெர்ட்ரூட் ஜீக்கிள். சாண்ட்ஹில்ஸிலிருந்து சில மைல் தள்ளி மன்ஸ்டெட் உட்டில் தோட்டம் போட்டவர். அவரும் 1861இல் ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தவர்தான். கிட்டப்பார்வை மோசமாகிக்கொண்டே போய், 1891இல் கண் மருத்துவர் ஓவியமும் தையலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வண்ணப் பெட்டியை மண்ணுக்குக் கொண்டுபோனார். அவருடைய நீண்ட பூப்பாத்தி 200 அடி நீளம், 14 அடி அகலம். ஒரு முனையில் சாம்பல் பச்சை இலைகளும் நீலமும் வெளிர் மஞ்சளும் தொடங்கி, நடுவில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொதித்து, மறுமுனையில் மறுபடி ஊதாவும் சாம்பலுமாக ஆறும். ஹெலன் அங்கே போய் உட்கார்ந்து அந்தப் பாத்திகளை வரைந்தார். குடிசை வாசலைப் போல இங்கே கண்ட இடத்தில் கண்ட பூ முளைக்காது, ஒவ்வொன்றும் கணக்குப் பார்த்து நட்டது. ஜீக்கிள் எடுத்த புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. சிவப்புக்குப் பக்கத்தில் எந்த ஆரஞ்சு, அது எவ்வளவு வெயிலை வாங்கியது என்று தெரிந்துகொள்ள ஹெலனின் நீர்வண்ணங்களைத்தான் தோட்ட வரலாறு எழுதுபவர்கள் தேடிப் போகிறார்கள். மன்ஸ்டெட் உட் 2023இல், பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது.

பணம் பற்றி இன்னும் ஒன்று. 1903இல் 'ஹேப்பி இங்கிலண்ட்' என்ற பெயரில் அவருடைய ஓவியங்கள் கிட்டத்தட்ட 80 வண்ண அச்சுப் படங்களோடு புத்தகமாக வந்தன. மூவண்ண அச்சு அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. உரை எழுதிய மார்கஸ் ஹ்யூஷ் வேறு யாருமில்லை, ஹெலனின் படங்களை விற்ற அதே ஃபைன் ஆர்ட் சொசைட்டியின் இயக்குநர். ஆக, ஓவியர், கூடம், புத்தகம் மூன்றும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. 1905இல் டென்னிசன் வாழ்ந்த வீடுகளைப் பற்றியும், 1909இல் இங்கிலாந்துக் குடிசைகளைப் பற்றியும் அதே மாதிரிப் புத்தகங்கள். நடுவில் 1907இல், கணவரின் நாட்குறிப்பைத் தோழி ஒருவரோடு சேர்ந்து பதிப்பித்தார். டென்னிசன், கார்லைல் ஆகியோரின் அன்றாடப் பேச்சைப் பற்றி எழுதும் எவரும் இன்றைக்கும் அதைத் தொடாமல் போவதில்லை.

அதே காலத்தில் மரியான் நார்த் என்ற பெண்மணி உலகம் சுற்றித் தாவரங்களை வரைந்து, 800க்கு மேற்பட்ட எண்ணெய் ஓவியங்களை லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொடுத்து, அவற்றை வைக்கக் கட்டடமும் தன் செலவில் கட்டிக் கொடுத்தார். 1882இல் திறந்த அந்தக் கூடம் இன்றும் இருக்கிறது. பிரமாதமான காரியம். ஆனால் அவருக்கு அப்பா விட்டுப்போன சொத்து இருந்தது, ஒரு படமும் விற்க வேண்டியிருக்கவில்லை. கேள்வியில் கேட்டிருப்பது சம்பாதித்தவரைப் பற்றி என்பதால்தான் நான் ஹெலனைச் சொன்னேன்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ரசனை மாறியது. குடிசையும் ஹாலிஹாக்கும் பழசாகிவிட்டன. அவர் மட்டும் வரைந்துகொண்டே இருந்தார். 1926 செப்டம்பரில், 78 வயது முடிந்து இரண்டே நாளில், சர்ரே எல்லையில் ஹேஸ்லமியர் பக்கம் ஒரு பழைய தோழியின் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் உடம்பு முடியாமல் இறந்தார். அவர் முதன்முதலாக ஸ்டூல் போட்ட சாலைகளிலிருந்து அது அதிக தூரமில்லை.

அசலைப் பார்க்க வேண்டுமானால் ஹாம்ஸ்டெட்டிலுள்ள பர்க் ஹவுஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்களின் நல்ல தொகுப்பு இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் கிட்டப் போய், வெள்ளைப் பூ இருக்கும் இடத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது, கத்தி சுரண்டிய இடத்தில் காகிதத்தின் நார் லேசாக எழும்பி நிற்பது தெரியும்.